தராசில் தெரியாத எடை

மாரடைப்பிலிருந்து மீண்ட வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

மிளகாய் மூட்டையைக் கொள்முதல் செய்யும்போது நாம் தராசு காட்டும் எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. சாக்கின் எடையைக் கழிக்கிறோம். மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். காம்பும் கழிவும் எவ்வளவு என்று மதிப்பிடுகிறோம். எடை ஒன்றாக இருப்பதால் இரண்டு மூட்டைகளுக்கும் விலை ஒன்றுதான் என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரக்கில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், நமது உடலைப் பற்றிய கணக்கில் மட்டும் தராசின் எண்ணையே நம்பிவிடுகிறோம். "எனக்கு 62 கிலோதான், கவலை இல்லை" என்கிறோம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இந்த அரைகுறைக் கணக்கு ஆபத்தானது. மொத்த எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தேங்கிய நீர் எவ்வளவு, கொழுப்பு உடலில் எங்கே இருக்கிறது என்பவைதான் அடுத்த சில ஆண்டுகளில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை அதிகம் தீர்மானிக்கின்றன.

இது எங்கோ உள்ளவர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தகவல்களைக் கொண்டு 2007-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாடுகளில் அது 58.8 என்றும் தெரிவித்தது. அதாவது ஏறக்குறைய 6 ஆண்டுகள் முன்னதாகவே நம்மவர்களுக்கு வந்துவிடுகிறது. 53 வயது என்பது மகளின் திருமணம், மகனின் படிப்பு, வங்கிக் கடன், மண்டியின் நிலுவை எல்லாம் ஒருவர் தலைமேல் நிற்கும் வயது.

கடைத்தெருவில் கேட்கும் மூன்று பேச்சுகள்

மாரடைப்பு வந்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பிக் கல்லாவில் உட்கார்ந்ததும், பார்க்க வருபவர்கள் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, "நல்ல உடம்பு, அதனால்தான் தாங்கினார். ஒல்லியானவர் என்றால் அன்றைக்கே போயிருப்பார்" என்பது. இரண்டாவது, "ஒல்லியாகத்தானே இருந்தார், இவருக்கு எப்படி வந்தது?" என்ற வியப்பு. மூன்றாவது, "பத்துக் கிலோ இறங்கிவிட்டாரே, மிகவும் நல்லது" என்ற பாராட்டு.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அப்படியே எடுத்துக்கொண்டு நடந்தால் மூன்றுமே தவறான வழியில் கொண்டு போய் விடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘பருமன் காக்கும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இது வெறும் திண்ணைப் பேச்சு அன்று. மருத்துவ உலகிலேயே இதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், இதய ரத்தக் குழாய் அடைப்பை பலூன் முறையில் நீக்கிக்கொண்ட 9,633 நோயாளிகளின் விவரங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சரியான எடை உள்ளவர்களைவிடப் பருமனானவர்களுக்குச் சிக்கல்களும் இறப்பும் குறைவாக இருந்தது கண்டு அவர்களே வியந்தார்கள். இதற்குப் ‘பருமன் முரண்’ என்ற பெயரும் வந்தது.

2006-ஆம் ஆண்டில் வேறு மருத்துவர்கள் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம் இதய நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். மிகவும் மெலிந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. சற்றே எடை கூடியவர்களிடையே மிகக் குறைவாக இருந்தது. ஆனால் மிக அதிகப் பருமன் உடையவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் எல்லோரையும்விடக் கூடுதலாக இருந்தது. பேச்சு பரவியபோது இந்தக் கடைசிப் பகுதி மட்டும் காணாமல் போய்விட்டது!

கணக்கில் விடுபட்டவை

பேரேட்டில் லாபம் காட்டுகிறது, கல்லாவில் பணம் இல்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? எந்தச் செலவு எழுதப்படாமல் விடுபட்டது என்று தேடுகிறோம். மருத்துவர்களும் அப்படித்தான் தேடினார்கள். விடுபட்டவை பல.

முதலில் வயது. பருமனானவர்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. 50 வயதுக்காரரையும் 68 வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இளையவர் அதிக நாள் இருப்பது இயல்பே. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பருமனானவர்கள் நோய் கண்ட பிறகு கூடுதல் ஆண்டுகள் வாழ்வதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவர்களுக்கு நோய் முன்கூட்டியே வந்துவிடுவதுதான். மொத்த ஆயுள் கூடவில்லை. நோயுடன் கழிக்கும் ஆண்டுகள்தான் கூடின.

இரண்டாவது, மெலிவின் காரணம். மெலிந்த நோயாளிகளில் பலர் நீண்ட காலம் புகைபிடித்தவர்கள், நுரையீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், வயது முதிர்ந்து தளர்ந்தவர்கள். அவர்களின் இறப்புக்கு மெலிவைக் காரணமாகச் சொல்வதைவிட, மெலிய வைத்த நோயைச் சொல்வதே பொருத்தம்.

மூன்றாவது, சிகிச்சை. பருமனானவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முன்பே தெரிந்திருக்கும், மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒல்லியானவரோ பரிசோதனைக்கே போயிருக்க மாட்டார்.

நான்காவது, மருத்துவமனைக்கு உயிருடன் வந்து சேர்ந்தவர்களை மட்டுமே இந்தக் கணக்குகள் எடுத்துக்கொண்டன. மண்டிக்கு வந்து இறங்கிய மூட்டைகளை மட்டும் எண்ணிவிட்டு, வழியில் கவிழ்ந்த லாரியின் சரக்கை எழுதாமல் விட்டது போன்ற கணக்கு இது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. எடை அளந்த கருவியே மொத்த எடையை மட்டும் காட்டும் கருவி.

ஒரே எண், இரண்டு உடல்கள்

மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீட்டு எண், கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 165 சென்டிமீட்டர் உயரமும் 61 கிலோ எடையும் உள்ளவருக்கு இது சுமார் 22.4. இந்தக் கணக்கைப் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தார். அவர் மருத்துவர் அல்லர். மக்கள் கூட்டத்தின் சராசரியைப் புரிந்துகொள்ளவே அதை வகுத்தார். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கூட்டத்துக்கு ஏற்ற அந்தக் கணக்கை ஒரு தனி மனிதனுக்கு அப்படியே பொருத்தும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

இதற்கு மிக நல்ல சான்று 2004-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடல்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம்!

இந்தியர்களின் உடல்வாகு பெரும்பாலும் இப்படிப்பட்டது. கை கால்கள் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்ந்திருக்கும். வெளிப்பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. "ஒல்லியாகத்தானே இருந்தார்" என்று நாம் வியப்பதற்கு விடை இதில் இருக்கிறது. இதனால்தான் மேல்நாடுகளில் பி.எம்.ஐ. 25-க்கு மேல் அதிக எடை என்று கொள்ளும்போது, நம் நாட்டு மருத்துவர்கள் 23-லிருந்தே எச்சரிக்கிறார்கள். 25-ஐத் தொட்டால் பருமன் என்கிறார்கள்.

வயிறு என்னும் கிடங்கு

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும், வயிற்றுக்கு உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றி இருக்கும் கொழுப்பும் ஒன்றல்ல. தொடையிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் உள்ள கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும் சரக்கு. வயிற்றின் உள்ளே உள்ள கொழுப்பு அப்படிச் சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் தடைபடுகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவரில் அழற்சி உண்டாகிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. மாரடைப்பு வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அவ்வளவையும் இந்தக் கிடங்கு தயார் செய்து தருகிறது.

2005-ஆம் ஆண்டில் 52 நாடுகளின் 27,098 பேரை வைத்துச் செய்த இன்டர்ஹார்ட் கணக்கில், மாரடைப்பு அபாயத்தைக் காட்டுவதில் பி.எம்.ஐ.யைவிட வயிறு, இடுப்பு ஆகியவற்றின் சுற்றளவு விகிதமே மிகத் தெளிவாக இருந்தது. மாரடைப்பு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு 2011-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று விடை தந்தது. ஏற்கெனவே இதய ரத்தக் குழாய் நோய் உள்ள 15,923 பேரில், வயிற்றுப் பருமன் உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. பி.எம்.ஐ. சரியான அளவில் இருந்தவர்களிடமும் இதுவே உண்மையாக இருந்தது. ‘பருமன் காக்கும்’ என்ற பேச்சு, தராசை விட்டு இஞ்சு டேப்பைக் கையில் எடுத்தவுடன் நிற்கவில்லை.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அன்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்டென்ட் திறந்துவிட்டது ஓரிடத்து அடைப்பை மட்டுமே. மற்ற இடங்களில் கொழுப்பு படிவதை அது தடுக்காது.

அளப்பது எளிது. காலையில் வெறும் வயிற்றில் நேராக நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து அளப்பது எடைக்கல்லில் ஏமாற்றுவது போன்றது. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35½ அங்குலமும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31½ அங்குலமும் எல்லைக்கோடு. பேன்ட் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பேன்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கிறது!

தசை என்னும் கைமுதல்

கொழுப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தசையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உண்ட உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். நோய் வந்து சாப்பிட முடியாத நாட்களில் உடல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தசையிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. வியாபாரம் மந்தமான மாதங்களில் நம்மைக் காப்பாற்றும் கைமுதல் போன்றது அது.

படுக்கை இந்தக் கைமுதலை வேகமாகக் கரைக்கும். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், நோய் ஏதும் இல்லாத முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே வைத்தார்கள். அதற்குள் கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை குறைந்துவிட்டது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த நிலை என்றால், மாரடைப்புக்குப் பிறகு "அசையக் கூடாது" என்று வீட்டார் மாதக்கணக்கில் கட்டிலில் உட்கார வைக்கும் நமது அன்பர்களின் நிலை என்ன? பாசத்தால் செய்யும் இந்தக் காரியம் பகையாய் முடிகிறது.

2015-ஆம் ஆண்டில் இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரின் கைப்பிடி வலிமையை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. பிடியின் வலிமை 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. இறப்பைக் கணிப்பதில் ரத்த அழுத்த அளவைவிடக் கைப்பிடியே நன்றாக வேலை செய்தது. கைப்பிடி என்பது உடல் முழுவதும் உள்ள தசையின் மாதிரிச் சரக்கு.

வீட்டிலேயே செய்யக் கூடிய சோதனை ஒன்று உண்டு. மருத்துவர் நடமாட அனுமதித்த பிறகு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடிகள் அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தசை தளர்ந்திருக்கிறது என்று ஆசிய மருத்துவக் குழு 2019-ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல் சொல்கிறது. கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எடை இறங்கினால் மகிழலாமா?

இப்போது மூன்றாவது பேச்சுக்கு வருவோம். எடை இறங்கியது நல்லதா கெட்டதா என்றால், எப்படி இறங்கியது என்று கேட்க வேண்டும். கிடங்கில் இருப்பு குறைந்தால், விற்றுக் குறைந்ததா, எலி தின்று குறைந்ததா என்று நாம் கேட்பதில்லையா?

2014-ஆம் ஆண்டில், இதய ரத்தக் குழாய் நோயாளிகளின் எடைக் குறைவு பற்றிய 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உணவைத் திருத்தி, உடற்பயிற்சி செய்து, திட்டமிட்டு எடை குறைத்தவர்களுக்கு அபாயம் குறைந்திருந்தது. முயற்சி ஏதும் இல்லாமல் தானாக எடை குறைந்தவர்களுக்கு அபாயம் கூடியிருந்தது. தானாக இறங்கும் எடையில் பெரும்பகுதி தசையாக இருக்கலாம். கட்டுக்குள் வராத சர்க்கரையோ, தைராய்டு கோளாறோ, மனச் சோர்வால் உணவு இறங்காததோ, வேறு நோயோ பின்னால் ஒளிந்திருக்கலாம். ஆகவே சட்டை தளர்ந்து, வயிறு மட்டும் அப்படியே இருந்தால் அதைப் பாராட்டக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் இப்போது நம்மில் பலர் விசாரிக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இதய, ரத்தக் குழாய் நோயும் கூடுதல் எடையும் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரில் ஒரு பாதியினருக்கு செமாகுளுடைடு என்ற ஊசி மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. பெரிய செய்திதான். ஆனால் அதில் இறங்கும் எடையில் ஒரு பங்கு தசையும் உண்டு. மருத்துவரின் மேற்பார்வை, புரத உணவு, உடற்பயிற்சி மூன்றும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

திடீரென்று ஏறும் எடை

மிளகாயில் தண்ணீர் தெளித்து எடை கூட்டும் வேலையை நாம் அறிவோம். மாரடைப்பால் இதயத் தசை பலவீனமானவர்களுக்கு உடலே அந்த வேலையைச் செய்துவிடும். இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாதபோது உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. 3 நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினால் அது கொழுப்பாக இருக்க முடியாது, பெரும்பாலும் நீர்தான். கணுக்கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல், இரவில் திணறி எழுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதற்கு நம்மைப்போல் வசதி உள்ளவர்கள் யாரும் இல்லை. கடையிலேயே எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. இதயம் பலவீனமானது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், தினமும் காலையில், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் ஏறி நின்று எடையைச் சிட்டையில் தேதி போட்டு எழுதி வரலாம். தராசின் எண்ணை நம்பலாகாது என்றோம். தினமும் எழுதினால் அதே எண் இந்த விஷயத்தில் உயிர்காக்கும் சாட்சியாகிவிடும்.

கடையிலிருந்தபடியே செய்யக் கூடியவை

நமது தொழிலே வயிற்றை வளர்க்கும் தொழில். காலை 6 மணிக்குக் கடை திறந்து, 11 மணிக்கு அவசரமாக நாலு வடை, மாலைவரை ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட டீ, கை நீட்டினால் முறுக்கும் மிக்சரும், இரவு கணக்கு முடித்து 10½ மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கை. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தபடி. இப்படி இருந்தால் தசை கரைந்து கொழுப்பு சேராமல் வேறு என்ன நடக்கும்?

உணவில் முதலில் புரதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் புரதம் என்று கொள்ளலாம். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். நம் கடையில் விற்கும் பாசிப்பயறு 100 கிராமில் 22 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். சுண்டல் கடலை, காராமணி, மோர் எல்லாம் நல்லவை. சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பயறு வகைகளை வைத்தாலே பெரிய மாற்றம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

நடை மிக முக்கியம். மருத்துவர் அனுமதித்த அளவில் தொடங்கி, படிப்படியாக வாரத்தில் 5 நாட்கள், தினம் 30 நிமிடங்கள் வரை கொண்டு வர வேண்டும். அதோடு தசைக்கு வேலை கொடுக்கும் எளிய பயிற்சிகளையும் வாரம் இரு முறை சேர்க்க வேண்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது போன்றவை போதும். மாரடைப்புக்குப் பின் முறையாகப் பயிற்சி அளிக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை பற்றிய 63 ஆய்வுகளை 2016-ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது, இதய நோய் மரணம் 10.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2020-ஆம் ஆண்டில் வெளியான யோகப் பயிற்சி ஆய்வில், மறு மாரடைப்பும் மரணமும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் பயிற்சி செய்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது எளிதாயிற்று. உடல்நிலை தேறியதாக அவர்களே உணர்ந்தார்கள்.

மூட்டை தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. தம் பிடித்துப் பாரம் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். பைபாஸ் அறுவை ஆனவர்களுக்கு மார்பெலும்பு கூடிச் சேர 2 முதல் 3 மாதங்கள் ஆகும். "ஆள் வரவில்லை, ஒரு சிப்பம்தானே" என்று அரிசி மூட்டையில் கை வைக்கவே கூடாது.

புகையிலையை எந்த வடிவிலும் விட்டொழிக்க வேண்டும். மாத்திரைகளை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். வயிறு குறைந்துவிட்டது, நன்றாக நடக்கிறேன் என்பதெல்லாம் மாத்திரையை நிறுத்தக் காரணம் ஆகாது.

மீண்டும் வலி வந்தால்

உடல் எப்படி இருந்தாலும், காலம் கடந்தால் பயனில்லை. 2008-ஆம் ஆண்டில் வெளியான, இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், கடும் மாரடைப்பு வந்தவர்கள் வலி தொடங்கி மருத்துவமனையை அடைய நடு அளவாக 360 நிமிடங்கள், அதாவது 6 மணி நேரம் ஆகியிருந்தது. அந்த 6 மணி நேரமும் இதயத் தசை மடிந்துகொண்டே இருக்கிறது. உடலில் உள்ள எல்லாத் தசைகளிலும் திரும்ப வளர்க்க முடியாத தசை அதுதான்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் "வாயுவாக இருக்கும்" என்று சோடாவோ ஓம வாட்டரோ குடித்துக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டும் வரலாம். வாடிக்கையாளர் நிற்கிறார், வசூல்காரர் வருவார் என்று பாராமல் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழக அரசு 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. கடைக்கு அருகில் உள்ள நிலையம் எது, இ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனை எது என்பதை உதவியாளர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யக் கூடியது

மாதக் கூட்டங்களில் ஒரு இஞ்சு டேப்பும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் வைப்பது பெரிய செலவன்று. உறுப்பினர்களின் வயிற்றுச் சுற்றளவை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை குறித்துக் கொடுக்கலாம். மாரடைப்பிலிருந்து மீண்ட உறுப்பினர் உள்ள தெருவில், காலையில் அவருடன் சேர்ந்து நடக்க இரண்டு பேர் முன்வரலாம். பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதைவிட இந்த உதவி பெரியது. அவர் கடைக்கு வராத நாட்களில் கொள்முதலையும் வசூலையும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டால், கடன்காரருக்குப் பயந்து பத்தாம் நாளே மூட்டைக்கு அடியில் போய் நிற்கும் நிலை அவருக்கு வராது.

வீட்டில் உள்ள பெண்மணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இளைத்துவிட்டாரே என்று நெய்யும் இனிப்பும் ஊட்ட வேண்டாம். களைத்துவிடுவாரே என்று கட்டிலோடு வைக்கவும் வேண்டாம். பயறும், நடையும், வேளை தவறாத மாத்திரையும் அவருக்குப் போதும். உங்கள் சுற்றளவையும் ஒரு முறை அளந்து பாருங்கள். கடையில் பாதி வேலையை நீங்கள்தான் பார்க்கிறீர்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை நாம் கடையின் இருப்பைக் கணக்கெடுக்கிறோம். எவ்வளவு சரக்கு என்பதோடு எது நல்ல சரக்கு, எது தேங்கிய சரக்கு என்றும் பிரித்து எழுதுகிறோம். உடலின் இருப்பையும் அப்படியே பிரித்து எழுதப் பழகுவோம். வயிற்றின் சுற்றளவு ஒரு வரி, கால்களின் வலிமை ஒரு வரி, காலை எடை ஒரு வரி. இந்த மூன்று வரிகளைச் சிட்டையில் எழுதத் தொடங்கும் அன்பர், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தச் சிட்டையையும் கையோடு எடுத்துப் போகட்டும்.